சிறிய விமானத்தில் ஆஸ்திரேலிய அவுட்பேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுட்பேக் என்று சொல்கிற ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதியைச் சிறிய விமானத்தில் நாலைந்து நாள், ஒரு வாரம் என்று சுற்றிவருகிற பயணத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கம். இங்கேயே குடியிருக்கும் நம் ஆட்களும் கேட்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். அடிலெய்டிலிருந்து கிளம்பும் வழியை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இது சரியாக என்ன மாதிரிப் பயணம்?

நாலு பேரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வரை உட்காரக்கூடிய விமானம். செஸ்னா 206, 210, கொஞ்சம் பெரிய குழு என்றால் செஸ்னா கேரவன், இல்லாவிட்டால் விக்டோரியா மாநிலத்திலேயே தயாரான ஜிஏ8 ஏர்வேன். காலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பறப்பீர்கள், ஏதாவது ஒரு மண் ரன்வேயில் இறங்குவீர்கள், டீ குடிப்பீர்கள், மறுபடி பறப்பீர்கள். மதியத்துக்குள் அன்றைய ஊர் வந்துவிடும். ராத்திரி அந்த ஊர் பப்பிலோ மாட்டுப் பண்ணையிலோ தங்கல். பைலட்தான் பெரும்பாலும் வழிகாட்டியும், பையைத் தூக்கித் தருபவரும், பெட்ரோல் போடுபவரும். சாப்பாட்டு மேஜையிலும் உங்களோடுதான் உட்காருவார், ஆனால் மறுநாள் பறக்க வேண்டும் என்பதால் அவர் கையில் லெமனேட்தான் இருக்கும்.

காரில் போனால் ஆகாதா? செலவும் குறையுமே.

தாராளமாகப் போகலாம், அது வேறு அனுபவம், அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிலெய்டிலிருந்து கூபர் பீடிக்கே சாலையில் ஏறக்குறைய 850 கி.மீ., அதற்கு அப்புறம்தான் நிஜமான அவுட்பேக்கே ஆரம்பம். தூரத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நிலம் தட்டை. தரையில் நின்றால் உங்கள் கண்ணுக்கு எட்டுவது முள்செடியும் செம்மண்ணும் அடுத்த மணல்மேடும் மட்டும்தான். ஆறுகள் நூறு கிளையாகப் பிரிந்து மறுபடி சேர்வது, சிம்ப்ஸன் பாலைவனத்தின் ஆயிரத்துச் சொச்சம் மணல்மேடுகளும் ஒரே திசையில் கோடு கோடாகப் படுத்திருப்பது, உப்பு ஏரியின் கரை எங்கே முடிகிறது என்பது, இதெல்லாம் 500 மீட்டராவது மேலே போனால்தான் புலப்படும். ஜெட் விமானத்தில் 10 கி.மீ. உயரத்தில் போனாலும் தெரியாது, வெறும் பழுப்புதான். நடுவில் இருக்கிற அந்த உயரத்துக்காகத்தான் இந்தப் பயணத்துக்குக் காசு கொடுக்கிறோம். சொகுசுக்காக என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள், சொகுசு ஒன்றும் கிடையாது.

எந்த வழியில் போவது நல்லது?

அடிலெய்டிலிருந்து வடக்கே ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர், அங்கே வில்பீனா பவுண்ட் என்கிற பெரிய மலைவட்டம். தரையிலிருந்து பார்த்தால் வெறும் மலைச்சுவர், மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் விளிம்பு வைத்த கிண்ணம். அங்கிருந்து மாரீ, அப்புறம் காட்டி தண்டா-ஏர் என்கிற பெரிய உப்பு ஏரி, ஏரியின் மேற்கே வில்லியம் க்ரீக். பிறகு கூபர் பீடி, அங்கிருந்து உலுரு என்கிற பெரிய செம்பாறை ஏறக்குறைய 560 கி.மீ., உலுருவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அப்புறம் சிம்ப்ஸன் பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து குயின்ஸ்லாந்தில் பேர்ட்ஸ்வில், கீழே இறங்கி இன்னமின்கா, திரும்ப அடிலெய்டு. எல்லாவற்றையும் ஐந்து நாளில் திணிக்கிற திட்டங்கள் இருக்கின்றன. என் கருத்தில் அது வீண். உலுருவுக்கு வழக்கமான பயணிகள் விமானத்தில் எப்போது வேண்டுமானாலும் போகலாமே. நாள் குறைவென்றால் உலுரு, ஆலிஸ் இரண்டையும் வெட்டிவிட்டு வில்லியம் க்ரீக்கில் இரண்டு ராத்திரி தங்குங்கள்.

வில்லியம் க்ரீக்கில் அப்படி என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை, அதுதான் விசேஷம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பழைய கான் ரயில் பாதையை ஒட்டி வந்த ஊர், 1980-இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள், பப் மட்டும் நின்றுவிட்டது. சுற்றிலும் ஆனா க்ரீக் ஸ்டேஷன், உலகிலேயே பெரிய மாட்டுப் பண்ணை என்று பெயர் எடுத்தது. 2016-இல் ஒரு பகுதியைப் பிரித்து விற்ற பிறகும் 15,000 சதுர கி.மீ.க்கு மேல் இருக்கிறது. ரன்வேயிலிருந்து பப்புக்கு நடந்தே வந்துவிடலாம். பப்பின் உள்சுவர், கூரை எல்லாம் வந்துபோனவர்கள் ஒட்டிவைத்த விசிட்டிங் கார்டும் லைசென்ஸும் கையெழுத்துமாக இருக்கும். காலை ஆறரைக்கு வெளியே வந்தால் வரிசையாக நிற்கிற செஸ்னாக்களின் இறக்கையில் பனித்துளி, ஒரு பைலட் சின்னக் கண்ணாடிக் குழாயில் டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று. ஏரிக்கும் அருகே உள்ள பெயின்டட் ஹில்ஸ் என்கிற வண்ணக் குன்றுகளுக்கும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். அந்தக் குன்றுகள் பண்ணை நிலத்துக்குள் இருப்பதால் சாலையில் போய்ப் பார்க்க வழியில்லை.

நாங்கள் வரும்போது ஏரியில் தண்ணீர் இருக்குமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏரியின் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 15 மீட்டர் கீழே, ஆஸ்திரேலியாவிலேயே தாழ்ந்த இடம். வடக்கு ஏரி மட்டும் 144 கி.மீ. நீளம், 77 கி.மீ. அகலம். நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கிலிருந்து தண்ணீர் இதை நோக்கித்தான் வடிகிறது, ஆனால் பெரும்பாலான வருஷங்களில் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும், வெயில் குடித்துவிடும். குயின்ஸ்லாந்தின் மேற்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல மழை கொட்டினால் டயமன்டினா, ஜார்ஜினா, கூப்பர் ஆறுகள் வழியாக அந்த வெள்ளம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து ஏரியைத் தொடும். அதாவது ஏரிக்கு மேலே ஒரு சொட்டு மழைகூட விழாமல், நீல வானத்தின் கீழே, ஏரி நிரம்பும். முழுக்க நிரம்பியது என்று சொல்ல வேண்டுமானால் 1974-ஐத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2025 மார்ச்சில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் பெரிய வெள்ளம் வந்தபோது அந்தத் தண்ணீரும் ஏரிக்கு வந்து சேர்ந்தது, அந்த சீசனில் விமானங்களில் இடம் கிடைப்பதே பாடாகிவிட்டது.

தண்ணீர் வந்தால் பெலிக்கன்கள் வரும். கடற்கரையில் இருக்கிற பறவைக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி உள்நாட்டில் தண்ணீர் வந்தது எப்படித் தெரிகிறது என்று இன்னும் விவாதம்தான். சில ஓரங்கள் இளஞ்சிவப்பாக இருக்கும், உப்புத் தண்ணீரில் வளரும் பாசியின் நிறம் அது.

தண்ணீர் இல்லாவிட்டால்? அப்போதும் போங்கள் என்பேன். வெள்ளை வெளேரென்ற உப்புப் படுகை, மேலே விமானத்தின் நிழல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வானமும் தரையும் ஒன்றாகிவிடுவதால் கீழ்வானக் கோடே தெரியாது, பைலட் ஜன்னலைவிட மீட்டர்களைத்தான் அதிகம் பார்ப்பார். 1964-இல் டொனால்ட் கேம்ப்பெல் தன் ப்ளூபேர்ட் காரை மணிக்கு 648 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தது இந்தக் காய்ந்த படுகையில்தான்.

ஒரு விஷயம், ஏரி அரபானா என்கிற பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம். 2012-இலிருந்து அவர்கள் வைத்த காட்டி தண்டா என்கிற பெயரும் சேர்த்துத்தான் அதிகாரப்பூர்வப் பெயர். படுகையில் இறங்கி நடப்பது, குளிப்பது எல்லாம் கூடாது. விமானத்திலிருந்து பார்ப்பது உங்களுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது.

தரையில் கிழித்த மனித உருவம் ஒன்று இருக்கிறதாமே?

மாரீ மேன். மாரீ ஊருக்கு மேற்கே ஒரு மேட்டு நிலத்தில், கையில் கழியோ வேட்டைத்தடியோ பிடித்த ஒரு மனிதன், உயரம் சுமார் 2.7 கி.மீ., சுற்றுக்கோடு 28 கி.மீ. 1998 ஜூனில் அந்தப் பக்கமாகப் பறந்த ஒரு வாடகை விமான பைலட் கண்ணில்தான் முதலில் பட்டது. யார் கிழித்தார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, பரிசு அறிவித்தும் பார்த்தாயிற்று. மங்கிக்கொண்டே வந்ததால் 2016-இல் மண்வாரி எந்திரம் வைத்து அதே கோட்டில் மறுபடி கிழித்தார்கள். பக்கத்திலேயே போய் நின்றால் ஒரு பள்ளம்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் சுமார்தான்.

எந்த மாதத்தில் வரலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. ஏப்ரலும் அக்டோபரும் பரவாயில்லை ரகம். டிசம்பர், ஜனவரி விடுமுறையில்தான் லீவு கிடைக்கும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்நடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது, நாட்டிலேயே அதிக வெப்பம் என்ற இடத்தில் அது இன்னும் இருக்கிறது, 2022-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆன்ஸ்லோ என்கிற ஊர் அதைச் சமன் செய்ததோடு சரி. மனிதர்களை விடுங்கள், சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் விமானமே ஏறத் திணறும், நீளமான ரன்வே வேண்டும், ஆட்களைக் குறைக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஜூன், ஜூலை ராத்திரிகளில் குளிர் பூஜ்ஜியத்தை எட்டிப்பார்க்கும். பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. ஸ்வெட்டர், குல்லா கட்டாயம்.

ஒரே எஞ்சின்தானா? நின்றுபோனால்?

பல விமானங்களுக்கு ஒன்றுதான். எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது, மிதந்துதான் இறங்கும். செஸ்னா வகை 1000 மீட்டர் உயரத்தில் இருந்தால் காற்றில்லாத நாளில் எட்டு, ஒன்பது கி.மீ. வரை போகும், அதற்குள் தட்டையான இடம் ஒன்றைப் பிடிப்பதற்குத்தான் பைலட்டுக்கு வருஷக்கணக்காகப் பயிற்சி. அவுட்பேக்கில் தட்டையான இடத்துக்குப் பஞ்சமில்லை. விதிவிலக்கு சிம்ப்ஸன் மணல்மேடுகள். அதனால் சில பைலட்கள் குறுக்கே போகாமல் சுற்றிப் போவார்கள், அப்படிச் செய்தால் காசு கொடுத்தோமே என்று முணுமுணுக்காதீர்கள்.

இறங்கிய பிறகு என்ன என்பதுதான் இங்கே நிஜமான கேள்வி. 1929 ஏப்ரலில் கீத் ஆண்டர்சன், பாப் ஹிட்ச்காக் இருவரும் காணாமல் போன வேறொரு விமானத்தைத் தேடிப் புறப்பட்டு, தனாமி பாலைவனத்தில் எஞ்சின் கோளாறால் இறங்கினார்கள். இறங்கியதில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரேடியோ கிடையாது, தண்ணீர் மிகக் கொஞ்சம், புதர் மண்டிய மண்ணிலிருந்து மறுபடி கிளம்பவும் முடியவில்லை, இரண்டு பேருமே தாகத்தில் இறந்துபோனார்கள். இன்றைய ஏற்பாடுகள் எல்லாம் அந்த மாதிரிக் கதைகளிலிருந்து வந்தவைதான். 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும், கான்பெராவில் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் மீட்பு மையம் அதை எடுத்துக்கொள்ளும். இத்தனை மணிக்குள் வந்து சேர்ந்தேன் என்று பைலட் தகவல் சொல்லாவிட்டாலும் அவர்களாகவே தேடத் தொடங்குவார்கள். விமானத்தில் குடிதண்ணீர் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டே காலி செய்யாமல் உங்கள் பாட்டிலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை எங்காவது இறங்க வேண்டி வந்தால் விமானத்தை விட்டு நடக்கக் கூடாது. தேடுபவர்கள் கண்ணுக்கு ஆளைவிட இறக்கைதான் சீக்கிரம் தெரியும்.

குலுங்குமா? எனக்குப் பேருந்தில் போனாலே வாந்தி வரும்.

காலையில் அவ்வளவாகக் குலுங்காது. பத்து, பதினொரு மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று மேலே எழும்ப ஆரம்பித்தால் நன்றாகவே தூக்கிப் போடும். அதனால்தான் விடியற்காலையில் எழுப்புகிறார்கள். வாந்தி வரும் ஆள் என்றால் முன்சீட் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். தூரத்துக் கீழ்வானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, மூக்கு முட்ட பேக்கன் முட்டையும் ஆகாது, இரண்டு டோஸ்ட் போதும். அப்புறம், படம் எடுப்பவர்களுக்காக ஒரே இடத்தை வட்டமடிக்கும்போதுதான் நிறையப் பேருக்குத் தலை சுற்றும். போதும் என்று ஹெட்செட்டில் சொன்னால் பைலட் உடனே நேராக்கிவிடுவார்.

ஏன் ஆளை எடை போடுகிறார்கள்? கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன?

சொல்லாதீர்கள். பெரிய ஜெட்டில் சராசரி எடையை வைத்துக் கணக்குப் போடலாம், ஆறு பேர் விமானத்தில் ஒவ்வொரு ஆளும் கணக்கு. யார் முன்னால், யார் பின்னால் என்பதையும் எடைதான் தீர்மானிக்கும், புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து உட்கார வைத்தால் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஷூ, ஜாக்கெட், கேமராவோடு தராசில் ஏறுங்கள். பை பெரும்பாலும் ஒருவருக்கு 10 முதல் 15 கிலோ, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சரக்கு அறைக்குள் நுழையவே நுழையாது, அடிலெய்டில் யார் வீட்டிலாவது வைத்துவிட்டு வாருங்கள்.

விமானத்தில் கழிப்பறை?

கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவார்கள். ஏறும் முன் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வயசான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா? குழந்தைகள்?

மூட்டு சரியாக இருந்தால் வயது ஒரு தடையே இல்லை, இந்தப் பயணங்களில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள்தான். கஷ்டம் ஏறுவதில்தான். செஸ்னாவில் ஒரு காலைச் சின்னப் படியில் வைத்துக் குனிந்து உடம்பைத் திருப்பி உள்ளே போக வேண்டும், ஒரு நாளில் நாலைந்து முறை. ஏர்வேனிலும் கேரவனிலும் பக்கவாட்டில் பெரிய கதவு இருக்கும், பெரியவர்களுக்கு அதுதான் வசதி. கேபினில் அழுத்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் பறப்பது ஒன்றிரண்டு கி.மீ. உயரத்தில் என்பதால் மலை வாசஸ்தலத்துக்குப் போன மாதிரிதான். ஜலதோஷம் இருந்தால் மட்டும் இறங்கும்போது காது வலிக்கும். இதயம், மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு வரவும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்காது.

ஆனால் உதவி வராது என்று அர்த்தமில்லை. 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தில் க்ளன்கரியிலிருந்து, வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு விமானத்தோடு ஜான் ஃப்ளின் என்கிற பாதிரியார் தொடங்கியதுதான் இன்றைய ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ், இருபது டாலர் நோட்டில் இருப்பவர் அவர்தான். பண்ணைகளின் மண் ரன்வேக்கள் எல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பராமரிக்கப்படுகின்றன.

குழந்தைகள் என்றால், ஆறேழு வயதுக்கு மேல் நன்றாக ரசிப்பார்கள். அதற்குக் கீழே, ஹெட்செட்டைத் தலையில் வைக்கவே சண்டை போடுவார்கள், பாவம் மற்ற பயணிகள்.

சைவம் கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் விருந்தும் இல்லை. பப் சாப்பாடு என்றால் ஸ்டேக், ஷ்னிட்ஸல், பர்கர். சைவத்துக்குச் சிப்ஸ், சாலட், டோஸ்ட், சில நாள் காய்கறி லசான்யா. பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சமையலறையில் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள், போய் நின்று கேட்டால் சிப்ஸ்தான். பருப்புப் பொடி ஒரு டப்பா, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் வைத்திருப்பவர்தான் மூன்றாம் நாளில் குழுவின் செல்லப்பிள்ளை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள், மறைத்தால் அபராதம். பழ ஈ வரக்கூடாது என்று தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் மற்ற மாநிலப் பழங்களையும் விட மாட்டார்கள், பேர்ட்ஸ்வில்லில் வாங்கிய ஆப்பிளை இன்னமின்காவுக்கு வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இரண்டு நாள் பார்த்தால் எல்லாம் ஒரே செம்மண்ணாகத் தெரியாதா?

அப்படித்தான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், போய் வந்தவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூபர் பீடிக்கு மேலே வந்ததும் தரை முழுக்க ஆயிரக்கணக்கில் வெளிறிய மண்குவியல்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. 1915-இல் ஒரு பதினாலு வயதுப் பையன் ஓபல் கல்லைக் கண்டெடுத்ததிலிருந்து தோண்டிய சுரங்கக் குழிகள் அவை. நிறையக் குழிகளுக்கு மூடியே கிடையாது, போட்டோ எடுக்கப் பின்னால் நகராதீர்கள் என்று போர்டு வைத்திருப்பார்கள், விளையாட்டுக்கு அல்ல. வெயிலுக்குப் பயந்து வீடு, தேவாலயம், ஓட்டல் எல்லாம் பூமிக்கு அடியில்.

பேர்ட்ஸ்வில்லில் 1884-ஆம் ஆண்டு கட்டிய பப்புக்கு எதிரிலேயே ரன்வே. செப்டம்பர் குதிரைப் பந்தயத்தின்போது நூற்றுக்கணக்கான விமானங்கள் வந்து இறங்கி, இறக்கைக்கு அடியில் கூடாரம் போட்டுப் படுப்பார்கள். அந்த வாரம் பெட்ரோலுக்கே வரிசை, கூட்டம் பிடிக்காது என்றால் தவிர்த்துவிடுங்கள்.

இன்னமின்கா பக்கம் கூப்பர் ஓடையில் டிக் ட்ரீ என்கிற மரம். கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்த பர்க், வில்ஸ், கிங் மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலை அந்த முகாமுக்குத் திரும்பி வந்தார்கள். நாலு மாதம் காத்திருந்த கூட்டாளிகள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். மரத்தில் 'தோண்டு' என்று செதுக்கி, அடியில் கொஞ்சம் உணவு புதைத்துவிட்டு. பர்க்கும் வில்ஸும் இறந்துபோக, கிங் மட்டும் யன்ட்ருவன்தா என்கிற பூர்வகுடி மக்கள் சோறு போட்டுக் காப்பாற்றியதால் பிழைத்தார். அந்தப் பயணத்துக்கென்றே 1860-இல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஒட்டகங்களும் ஒட்டகக்காரர்களும் கப்பலில் மெல்போர்னுக்கு வந்தார்கள். அதற்கு அப்புறம் வந்த கூட்டங்களின் ஒட்டகங்கள், ரயிலும் லாரியும் வந்ததும் அவிழ்த்துவிடப்பட்டு, இன்று காட்டு ஒட்டகங்களாகத் திரிகின்றன. விமானச் சத்தம் கேட்டு அவை மணல்மேட்டில் ஓடுவதை மேலிருந்து பார்க்கலாம்.

உலுருவை நெருக்கமாகச் சுற்றிப் பறக்க முடியுமா?

முடியாது. குறிப்பிட்ட உயரம், குறிப்பிட்ட வழி, அதற்குள்தான். அனங்கு என்கிற பூர்வகுடி மக்களின் புனித இடம் அது, சில பகுதிகளைப் படம் எடுக்கவும் கூடாது. மேலே ஏறுவதை 2019 அக்டோபர் 26-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். வரும் வழியில் மேசை மாதிரி ஒரு மலை தெரியும், எல்லோரும் உலுரு வந்துவிட்டது என்று கேமராவைத் தூக்குவார்கள், அது மவுண்ட் கானர்.

நல்ல படம் எடுக்க ஏதாவது யோசனை?

கறுப்புச் சட்டை போடுங்கள், வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும். லென்ஸையோ முழங்கையையோ ஜன்னலில் ஊன்றினால் அதிர்வு படத்தில் வரும். ஷட்டர் 1/1000 நொடி, இல்லாவிட்டால் அதைவிட வேகம். போலரைஸர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் கோடு விழும். இறக்கை மேலே இருக்கிற செஸ்னா, ஏர்வேன் வகைதான் படத்துக்கு ஏற்றது.

போன், இணையம்?

ஊர்களில் ஓரளவு கிடைக்கும், அதுவும் டெல்ஸ்ட்ரா சிம் என்றால்தான் நம்பிக்கை. நடுவில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, போனில் மணி மாறிக்கொண்டே இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் குயின்ஸ்லாந்துக்கும் அரை மணி வித்தியாசம். நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் எந்த ஏழு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடமே பைலட் லைசென்ஸ் இருக்கிறது. நானே ஓட்டலாமா?

வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் ஆஸ்திரேலிய சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையமான காசாவிடம் அங்கீகாரச் சான்று வாங்கிப் பகலில், கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின் கீழ் தனிப்பட்ட பயணமாக ஓட்டலாம். வாடகைக்கு விமானம் தரும் இடத்தில் ஒரு சோதனைப் பறப்பும் கேட்பார்கள். முதல் முறை தனியாகப் போகாதீர்கள். வழிநடத்தும் விமானம் ஒன்று முன்னால் போக, நாலைந்து விமானங்கள் சேர்ந்து போகும் ஏற்பாடுகள் உண்டு, அதில் சேருங்கள். கட்டுப்பாட்டு கோபுரம் கிடையாது, 126.7 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான பொது அலைவரிசையில் நீங்களே நான் இங்கே இருக்கிறேன், இறங்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், மற்றவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். இறங்கும் முன் ரன்வேக்கு மேலே ஒரு முறை தாழப் பறந்து கங்காரு, மாடு நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எரிபொருள் எல்லா இடத்திலும் கிடைக்காது, முந்தின நாளே போன் போட்டு இருப்பு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மாலை வெளிச்சம் போவதற்குள் தரையில் இருக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது.

மழை வந்து மாட்டிக்கொண்டால்?

மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச மழை போதும், மண் ரன்வே களியாகிவிடும், மூடிவிடுவார்கள், சாலையையும் சேர்த்து. அதனால் பயணம் முடிகிற அன்றே சென்னைக்கோ கொழும்புக்கோ விமானம் பதிவு செய்யாதீர்கள், இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். திட்டத்தில் இருக்கிற எல்லா இடத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று பைலட்டை நெருக்குகிற பயணிகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். இன்று போக வேண்டாம் என்று சொல்கிற பைலட்தான் நல்ல பைலட்.

செலவு எவ்வளவு ஆகும்? எப்படிப் பதிவு செய்வது?

ஒரு ஆளுக்குச் சில ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர், நாளையும் விமானத்தையும் பொறுத்து. மணிக்கணக்கில் விமான வாடகை, லாரியில் வந்து சேர்ந்த விலையேறிய பெட்ரோல், எல்லாவற்றையும் ஆறு பேர்தான் பங்கு போடுகிறீர்கள் என்பதால் குறைய வழியில்லை. நண்பர்கள் சேர்ந்து விமானத்தையே மொத்தமாக எடுத்தால் சில சமயம் தேவலை. அவ்வளவு முடியாது என்றால் வில்லியம் க்ரீக் வரை காரில் போய் ஏரிக்கு மேலே ஒரு மணி நேரம் மட்டும் பறந்துவிட்டு வரலாம், பாதி அனுபவம் அதிலேயே கிடைத்துவிடும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் 600 என்ற எண் கொண்ட வகை வருகையாளர் விசா வேண்டும், அதற்கு நேரம் ஆகும், முதலில் அதை முடியுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: காசா வழங்கிய விமான இயக்குநர் சான்று உண்டா, எந்த விமானம், எல்லோருக்கும் ஜன்னல் சீட்டா, வானிலையால் ஒரு நாள் போனால் கூடுதல் தங்கலுக்கு யார் செலவு, பணம் திரும்புமா. பயண இன்ஷூரன்ஸில் சிறிய வாடகை விமானத்தில் பயணியாகப் போவது அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள், சில பாலிசிகளில் சத்தமில்லாமல் விலக்கி வைத்திருப்பார்கள். அப்புறம் அடிலெய்டிலேயே முகத்துக்குப் போடும் ஈ வலை ஒன்று வாங்கி வாருங்கள், அங்கே போனால் இரண்டு மடங்கு விலை.